உபுண்டு சர்வருக்கு ஒதுக்கிய ஐபி வரவில்லை, டிஎச்சிபியில் வேறு வேறு ஐபி வருகிறது (மைக்ரோடிக், ராணிப்பேட்டை)

#1 சிப்காட்_ஐடி (ராணிப்பேட்டை)

அனைவருக்கும் வணக்கம். ஷூ அப்பர் தைக்கும் யூனிட். ஆபீஸ், ஷெட், குடோன் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். ஃபைபர் மோடம் பிரிட்ஜ் மோடில் இருக்கிறது. அதற்குப் பின்னால் மைக்ரோடிக் ரூட்டர் (192.168.10.1), அதிலிருந்து 24 போர்ட் சிஸ்கோ 2960 ஸ்விட்ச். சர்வர் சூப்பர்மைக்ரோ டவர், உபுண்டு 22.04. டிஸ்க் மாற்றியதால் உபுண்டு சமீபத்தில் புதிதாகப் போடப்பட்டது. சாம்பா ஷேரில் (நெட்வொர்க் ஃபோல்டர்) பேட்டர்ன் கோப்புகள், போஸ்ட்கிரெஸில் (டேட்டாபேஸ்) வருகைப்பதிவு.

டிஎச்சிபி (தானாக ஐபி கொடுக்கும் வசதி) பூல் 100 முதல் 200 வரை. சர்வருக்கு 192.168.10.10 என்று ஸ்டேட்டிக் லீஸ் (நிரந்தர ஒதுக்கீடு) வின்பாக்ஸில் (மைக்ரோடிக்கை அமைக்கும் மென்பொருள்) பழையபடியே இருக்கிறது, மேக் அட்ரஸும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) சரி. இருந்தும்:

- பெரும்பாலும் 192.168.10.143 வருகிறது.
- இடையில் ஒருமுறை 192.168.0.105. அந்த சீரிஸே எங்களிடம் கிடையாது.
- கரண்ட் போய் வந்தால் சில நேரம் ஐபியே இல்லை. அதே நேரம் பக்கத்து டேலி கம்ப்யூட்டரில் 169.254 என்று ஆரம்பிக்கும் ஏதோ ஒன்று.

ரூட்டர் ரீஸ்டார்ட், கேபிள் மாற்றல் இரண்டும் பார்த்தாயிற்று. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

#2 ஆற்காடு_நவாப்

சர்வர்ல 192.168.10.10ஐ மேனுவலா போட்டுட்டு வேலையைப் பாருங்க. சர்வருக்குப் போய் டிஎச்சிபி வைப்பாங்களா?

#3 காட்பாடி_ஜங்ஷன்

நவாப் சார், போடலாம்தான். ஆனா 0.105 கொடுத்த ஆசாமி அதே வயர்ல உட்கார்ந்திருப்பான். இன்னைக்கு சர்வர் தப்பிச்சா நாளைக்கு டேலி மாட்டும்.

சிப்காட், நீங்க சொன்ன மூணு அறிகுறிக்கும் காரணம் வேற வேற. ஒண்ணா சேர்த்துப் பார்த்தா குழப்பம்தான் மிஞ்சும். வந்திருக்கிற ஐபியைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும்.

டிஎச்சிபின்னா நாலு பாக்கெட்: டிஸ்கவர், ஆஃபர், ரெக்வெஸ்ட், அக்னாலெட்ஜ். கிளையன்ட் 68வது யூடிபி போர்ட்ல, சர்வர் 67ல. கிளையன்ட்டுக்கு அப்போ சொந்த ஐபி கிடையாது, அதனால "யாராவது இருக்கீங்களா"ன்னு பிராட்காஸ்ட்லதான் கேட்கும். முதல்ல எந்த ஆஃபர் வருதோ அதைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கும். நல்லவனா கெட்டவனான்னு அதுக்குத் தெரியாது.

இப்போ உங்க மூணையும் இதுல வெச்சுப் பாருங்க.

10.143: நாலு பாக்கெட்டும் ஒழுங்காப் போய் வந்திருக்கு, கொடுத்தது உங்க மைக்ரோடிக்தான். கேபிள், ஸ்விட்ச், டிரைவர் மேல பழி போடாதீங்க. ரூட்டருக்கு "இது அந்த சர்வர்தான்"னு அடையாளம் தெரியலை, அதான் பூல்லேர்ந்து ஒண்ணை எடுத்துக் கொடுத்திருக்கு.

0.105: வேற ஒரு டிஎச்சிபி சர்வர் உங்க நெட்வொர்க்குள்ள இருக்கு. வேற விளக்கமே கிடையாது.

169.254: யாருமே பதில் சொல்லலை, விண்டோஸ் தானே ஒண்ணை வெச்சுக்கிட்டது. 2005ல வந்த ஆர்எஃப்சி 3927ங்கற இன்டர்நெட் தர ஆவணம் சொல்ற லிங்க்-லோக்கல் அட்ரஸ். உபுண்டு சர்வர் வெறுமையா நிக்கறதும் இதே கேஸ்தான். நெட்பிளான்ல (உபுண்டுவோட நெட்வொர்க் அமைப்பு) ஐபிவி4 லிங்க்-லோக்கல் இயல்பா ஆஃப்ல இருக்கும், அதனால அங்க 169.254ஐத் தேடாதீங்க, வராது. ஐபிவி6 லிங்க்-லோக்கல் மட்டும் தெரியும்.

முதல்ல 143ஐ முடிப்போம். வின்பாக்ஸ்ல ஐபி, டிஎச்சிபி சர்வர், லீசஸ் திறங்க. ஒரே மேக் அட்ரஸுக்கு ரெண்டு வரி இருக்கான்னு பாருங்க. கிளையன்ட் ஐடின்னு ஒரு நெடுவரிசை இருக்கும், ரெண்டு வரியிலயும் அதுல என்ன இருக்குன்னு சொல்லுங்க.

#4 குடியாத்தம்_லினக்ஸ்

காட்பாடி அண்ணா கேட்ட கேள்விக்கு என்ன பதில் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்: ரெண்டு வரி இருக்கும், மேக் ஒன்றாகவும் கிளையன்ட் ஐடி வேறாகவும் இருக்கும்.

உபுண்டு சர்வரில் ஐபி வாங்குவது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி. அது ரூட்டரிடம் தன்னை மேக் அட்ரஸால் அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. டியுஐடி என்ற நீளமான அடையாளத்தை டிஎச்சிபியின் 61வது ஆப்ஷனில் வைத்து அனுப்புகிறது. அந்த டியுஐடி, ஈடிசி ஃபோல்டரில் இருக்கும் மெஷின்-ஐடி என்ற கோப்பிலிருந்து உருவாகிறது. ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட்டால் மெஷின்-ஐடி புதிது, ஆகவே டியுஐடியும் புதிது. போர்டு, நெட்வொர்க் கார்டு, மேக் எல்லாம் அப்படியே இருந்தாலும் ரூட்டர் கண்ணுக்கு இது வேறு ஆள்.

மைக்ரோடிக் பக்கம் நடப்பது: முன்பு யாரோ டைனமிக் லீஸை வலது கிளிக் செய்து "மேக் ஸ்டேட்டிக்" (நிரந்தரமாக்கு என்று பொருள், மேக் அட்ரஸ் இல்லை) கொடுத்திருப்பார்கள். அப்படிச் செய்தால் அன்றைய கிளையன்ட் ஐடியும் சேர்ந்து அந்த வரியில் ஒட்டிக்கொள்ளும். கிளையன்ட் ஐடி குறிப்பிட்டிருந்தால் அதுவும் பொருந்த வேண்டும், மேக் மட்டும் பொருந்தினால் போதாது. அதனால்தான் "மேக் சரியாகத்தான் இருக்கிறது" என்று நீங்கள் எத்தனை முறை சரிபார்த்தாலும் பயனில்லை.

விண்டோஸ் சர்வரை டிஎச்சிபிக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே தலைவலி உண்டு. மேக்கை வைத்து ரிசர்வேஷன் போடுவார்கள், உபுண்டு டியுஐடியோடு வந்து நிற்கும், பொருந்தாது.

சரிசெய்ய இரண்டு வழி. ரூட்டர் பக்கம் அந்த ஸ்டேட்டிக் வரியில் கிளையன்ட் ஐடியை அழித்துவிட்டு மேக்கை மட்டும் விடலாம். அல்லது சர்வர் பக்கம், மேக்கையே அடையாளமாக அனுப்பச் சொல்லலாம். இரண்டையும் செய்துவிடுங்கள் என்பது என் கட்சி. ஒன்றை மட்டும் செய்தால் அடுத்த முறை ரூட்டரையோ ஓஎஸ்ஸையோ மாற்றும்போது திரும்ப இதே கதை.

சர்வரில் ஈடிசி, நெட்பிளான் ஃபோல்டருக்குள் யாமல் (அமைப்புகளை எழுதும் வடிவம்) கோப்பு ஒன்று இருக்கும். 22.04 இன்ஸ்டாலர் எழுதியது என்றால் பெயர் 00-இன்ஸ்டாலர்-கான்ஃபிக். அதில் உங்கள் போர்ட்டுக்குக் கீழே "டிஎச்சிபி4: ட்ரூ" என்று இருக்கும் வரிக்கு அடுத்து, அதே அளவு இடம் விட்டு, "டிஎச்சிபி-ஐடென்டிஃபையர்: மேக்" என்று ஒரு வரி. ஸ்பேஸ் மட்டும், டேப் விழுந்தால் யாமல் ஏற்காது. பிறகு நேரே அப்ளை கொடுக்காமல் "நெட்பிளான் ட்ரை" கொடுங்கள். 120 விநாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும். ஐபி மாறப்போகிறது, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து நுழையும்) இணைப்பு அறுந்துவிடும், அப்போது என்டர் தட்ட முடியாது. அதனால் இதை மானிட்டர், கீபோர்டு மாட்டிச் செய்யுங்கள்.

கோப்பின் பெயர் 50-கிளவுட்-இனிட் என்று இருந்தால் (24.04ல் அப்படித்தான்) கிளவுட்-இனிட் (பூட் ஆகும்போது அமைப்புகளை எழுதும் நிரல்) அதைத் திரும்ப எழுதிவிடக் கூடும். முதலில் கிளவுட்-இனிட்டின் நெட்வொர்க் அமைப்பை டிஸேபிள் செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

#5 சிப்காட்_ஐடி

குடியாத்தம் அண்ணா, அப்படியே இருக்கிறது. பழைய வரியில் கிளையன்ட் ஐடி எஃப்எஃப் என்று ஆரம்பிக்கிறது. புதிய டைனமிக் வரியிலும் எஃப்எஃப்தான், ஆனால் பின்னால் வரும் எண்கள் வேறு. மேக் இரண்டிலும் ஒன்று.

இன்னொரு குழப்பம். சர்வர் கேபினட் ஸ்டிக்கரில் வேறொரு மேக் அட்ரஸ் அச்சாகி இருக்கிறது, கடைசி இரண்டு எழுத்து மாறுகிறது. சோதனைக்காக அந்த மேக்கை 10.10க்குப் போட்டால் பிங் வருகிறது! ஆனால் ஷேர் திறக்கவில்லை, எஸ்எஸ்எச் லாகினும் ஏற்கவில்லை. அது என்ன?

#6 குடியாத்தம்_லினக்ஸ்

அந்த 10.10ஐ பிரவுசரில் போட்டுப் பாருங்கள். லாகின் பக்கம் ஒன்று வரும். அது உங்கள் உபுண்டு இல்லை, போர்டில் தனியாக இருக்கும் மேனேஜ்மென்ட் சிப், பிஎம்சி. அதற்கென்று தனி மேக், தனி ஐபி, தனி சின்ன ஓஎஸ். சர்வர் ஆஃப் ஆகியிருந்தாலும் பவர் கார்டு சொருகி இருந்தால் அது உயிரோடு இருக்கும், டிஎச்சிபியும் கேட்கும். அதனால் பிங் வந்ததை வைத்து சர்வர் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

சூப்பர்மைக்ரோவில் கூடுதலாக ஒரு வேலை உண்டு. ஐபிஎம்ஐக்கு (பிஎம்சியோடு பேசும் முறை) என்று பின்னால் தனி போர்ட் இருக்கும். அதில் கேபிள் இல்லையென்றால், இயல்பான ஃபெயில்ஓவர் அமைப்பில் பிஎம்சி முதல் லேன் போர்ட்டின் வழியாகவே வெளியே வந்துவிடும். ஒரே கேபிள், ஸ்விட்ச்சில் ஒரே போர்ட், ஆனால் இரண்டு மேக். லீஸ் பட்டியலில் ஹோஸ்ட்நேம் காலியாக ஒரு வரி இருந்தால் அது இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

செய்ய வேண்டியது: தனி போர்ட்டுக்கு ஒரு கேபிள் போடுங்கள். பிஎம்சியின் வெப் பக்கத்தில் நெட்வொர்க் அமைப்பில் லேன் இன்டர்ஃபேஸ் என்பதை டெடிகேட்டட் ஆக்குங்கள். ஸ்டிக்கர் மேக்குக்கு 192.168.10.11 என்று தனியாக ஒதுக்குங்கள். உபுண்டுவின் உண்மையான மேக்கை ஸ்டிக்கரில் தேடாமல் "ஐபி லிங்க்" கட்டளையில் பாருங்கள்.

பிஎம்சி பக்கத்தின் பாஸ்வேர்டு இயல்பானதாகவே இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அதில் நுழைந்தவர் சர்வரை ஆஃப் செய்யலாம், வேறு டிஸ்கிலிருந்து பூட் செய்யலாம்.

#7 வாலாஜா_வயர்மேன்

இன்னா சார், எல்லாரும் சாஃப்ட்வேரையே புடிச்சிக்கினு இருக்கீங்க. ராணிப்பேட்டை தோல் யூனிட்டுன்னா முதல்ல ஆர்ஜே45 முனையைப் பாருங்க. பக்கத்துல மயிர் நீக்கற சுண்ணாம்புக் குழி இருக்கற டேனரின்னா சோடியம் சல்ஃபைடு உபயோகிப்பாங்க, அதுலேர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். அழுகுன முட்டை வாசனை அடிக்குதுல்ல, அதான். செம்பையும் வெள்ளியையும் கறுக்க வெச்சிரும். மலிவு கனெக்டர்ல தங்க முலாம் பேருக்குத்தான் இருக்கும், கொஞ்ச நாள்லயே கான்டாக்ட் கறுத்துப் போவும். லைட்டு எரியும், பாக்கெட்டு தொலையும்.

எத்டூல்னு ஒரு கட்டளை இருக்கு, அதுல ஸ்பீடு பாருங்க. கிகாபிட் போர்ட்டு 100ல நின்னா நாலு ஜோடியில ரெண்டு ஜோடிதான் வேலை செய்யுது. 1, 2, 3, 6 மட்டும் இருந்தாலே 100 ஓடும். அப்பால அதே எத்டூல்ல மைனஸ் எஸ் (பெரிய எழுத்து) போட்டா சிஆர்சி எர்ரர் (சிதைஞ்சு வந்த பாக்கெட்டு) எண்ணிக்கை வரும். அது ஏறிக்கினே இருந்தா கேபிள்தான்.

கேபிள் வாங்கும்போது ஒரு நூலை பிளேடால சுரண்டுங்க. உள்ள வெள்ளையா தெரிஞ்சா அலுமினியத்து மேல செம்பு பூசினது, வேணாம். முழுச் செம்பு கேட்5இ போதும் ஆபீசுக்கு. வரிசை 568பி: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ரெண்டு முனையும் ஒரே வரிசை. ஜோடியைப் பிரிக்கறது அரை இஞ்சுக்கு மேல வேணாம்.

ஆபீசுலேர்ந்து குடோனுக்கு 90 மீட்டருக்கு மேல போச்சுன்னா காப்பர் கேபிளே வேணாம் தம்பி. ஃபைபர் இழுத்து ரெண்டு பக்கமும் மீடியா கன்வர்ட்டர் போடுங்க. இடி இடிச்சாலும் அந்தக் கேபிள் வழியா ஸ்விட்ச்சு போவாது.

#8 சிப்காட்_ஐடி

வயர்மேன் அண்ணா, சர்வர் போர்ட் 1000ல் ஓடுகிறது, சிஆர்சி எர்ரர் பூஜ்யம். எங்களுடையது தையல் யூனிட் மட்டும், டேனரி தள்ளி இருக்கிறது. ஆனால் குடோன் கேபிளில் எர்ரர் இருக்கிறது, அதைத் தனியாகப் பார்க்கிறோம்.

கிளையன்ட் ஐடி அழித்து, நெட்பிளானில் மேக் வரி சேர்த்த பிறகு 10.10 வந்துவிட்டது. லீஸ் பட்டியலில் கிளையன்ட் ஐடி இப்போது 1 என்று ஆரம்பித்து மேக்கோடு முடிகிறது. பிஎம்சி 10.11ல்.

ஆனால் இன்று மதியம் கட்டிங் செக்‌ஷன் கம்ப்யூட்டர் ஒன்றில் 192.168.0.112 வந்திருக்கிறது.

#9 காட்பாடி_ஜங்ஷன்

அந்த கம்ப்யூட்டர் கையில இருக்கும்போதே பிடிச்சிடலாம், ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க.

கமாண்ட் பிராம்ப்ட்ல ஐபிகான்ஃபிக் ஆல் போடுங்க. "டிஎச்சிபி சர்வர்"னு ஒரு வரி வரும், 192.168.0.1னு இருக்கும்னு நினைக்கறேன். அதை ஒரு தடவை பிங் பண்ணிட்டு உடனே ஏஆர்பி மைனஸ் ஏ. அந்த ஐபிக்கு நேரா மேக் கிடைக்கும். சிஸ்கோவுல போய் "ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்" போட்டா அந்த மேக் எந்த போர்ட்ல இருக்குன்னு சொல்லிடும். அந்த கேபிளைப் பிடிச்சுக்கிட்டே நடந்தா ஒரு வைஃபை ரூட்டர்ல போய் முட்டுவீங்க. ஷெட்ல சிக்னல் இல்லைன்னு யாரோ வீட்டு ரூட்டரைக் கொண்டு வந்து, லேன் போர்ட்ல நம்ம கேபிளைச் சொருகியிருப்பாங்க. அதோட டிஎச்சிபி ஆன்ல இருக்கும்.

அதைப் பிடுங்கிட்டுப் போகாதீங்க, சூபர்வைசர் அடுத்த வாரம் திரும்ப சொருகுவார். அதை ஒழுங்கா அக்சஸ் பாயின்ட் ஆக்கிக் கொடுத்துடுங்க: முதல்ல அதோட லேன் ஐபியை 192.168.10.3ன்னு மாத்துங்க, அப்புறம் அதுல டிஎச்சிபியை ஆஃப் பண்ணுங்க, கேபிள் லேன் போர்ட்லயே இருக்கட்டும். ஐபியை மாத்தாம விட்டா பின்னால அதோட பக்கத்தைத் திறக்க முடியாம ரீசெட் பட்டனைத்தான் அமுக்கணும். ரீசெட் ஆச்சுன்னா டிஎச்சிபி திரும்ப ஆன். இது அடிக்கடி நடக்கற கூத்து.

நிரந்தரத் தடுப்பு சிஸ்கோ 2960லயே இருக்கு, டிஎச்சிபி ஸ்நூப்பிங். மைக்ரோடிக் சொருகியிருக்கிற போர்ட்டை மட்டும் டிரஸ்ட் பண்ணணும், மத்த போர்ட்லேர்ந்து ஆஃபர் வந்தா ஸ்விட்ச்சே கொட்டிடும். வரிசை முக்கியம்: டிரஸ்ட் முதல்ல, அப்புறம் விலேன் (ஸ்விட்ச்சுக்குள்ள பிரிக்கற தனி நெட்வொர்க்) 1க்கு ஸ்நூப்பிங், கடைசியாத்தான் மொத்தமா ஆன். மாத்திப் போட்டா காம்பவுண்டுல யாருக்குமே ஐபி வராது, ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கும்.

இன்னொரு பொறி. ஸ்நூப்பிங் ஆன் பண்ணினதும் சிஸ்கோ தானா 82வது ஆப்ஷனைப் பாக்கெட்டுக்குள்ள சேர்க்கும். நடுவுல ரிலே (டிஎச்சிபி பாக்கெட்டைக் கடத்திக் கொடுக்கறது) இல்லாம அந்த ஆப்ஷனோட வர்ற பாக்கெட்டைச் சில டிஎச்சிபி சர்வர் நிராகரிச்சிடும். "நோ ஐபி டிஎச்சிபி ஸ்நூப்பிங் இன்ஃபர்மேஷன் ஆப்ஷன்" கொடுத்து அதை நிறுத்திடுங்க. முடிச்சதும் ரைட் மெமரி கொடுத்துச் சேமிச்சுடுங்க.

மைக்ரோடிக்ல டிஎச்சிபி சர்வர் பக்கத்துல அலர்ட்ஸ்னு ஒரு டேப் இருக்கு. பிரிட்ஜ் இன்டர்ஃபேஸைத் தேர்ந்தெடுத்து, வேலிட் சர்வர்ல பிரிட்ஜோட சொந்த மேக்கைக் கொடுத்தா, வேற எவனாவது டிஎச்சிபி கொடுக்கும்போது லாக்ல எழுதும். ஆனா ஸ்நூப்பிங் இருந்தா திருட்டு ஆஃபர் ரூட்டர் வரைக்கும் வராது, இந்த அலர்ட்டும் அடிக்காது. மேனேஜ்டு ஸ்விட்ச் இல்லாதவங்களுக்குத்தான் இது உதவும்.

#10 சத்துவாச்சாரி_லேப்

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், தொடர்புடையதுதான். லேபில் ஒரு உபுண்டு விஎம்மைத் (மெய்நிகர் கம்ப்யூட்டர்) தயார் செய்து இருபது குளோன் (நகல்) எடுத்தோம். மேக் எல்லாம் தனித்தனி, ஆனால் பல விஎம்முக்கு ஒரே ஐபி வருகிறது. குடியாத்தம் சொன்ன மெஷின்-ஐடி விவகாரம்தானா?

#11 குடியாத்தம்_லினக்ஸ்

அதேதான். குளோனில் மெஷின்-ஐடியும் நகலாகிறது, எல்லா விஎம்மும் ஒரே டியுஐடியோடு போய் நிற்கின்றன. ரூட்டர் "நீ ஏற்கெனவே வாங்கிட்டியே" என்று அதே ஐபியைத் திரும்பக் கொடுக்கிறது.

மூல விஎம்மில் அந்த மெஷின்-ஐடி கோப்பை அழிக்காமல் காலி மட்டும் செய்யுங்கள். "ட்ரன்கேட்" கட்டளையில் அளவு 0 கொடுத்தால் போதும். டிபஸ் ஃபோல்டரிலும் ஒரு மெஷின்-ஐடி இருக்கும், அது முதல் கோப்புக்கு சிம்லிங்க்கா (அதைச் சுட்டும் இணைப்பா) என்று பாருங்கள், இல்லையென்றால் சிம்லிங்க் ஆக்குங்கள். பிறகு விஎம்மை ஷட்டவுன் செய்து குளோன் எடுங்கள். நடுவில் ஒரு தடவை பூட் செய்தால் புது ஐடி எழுதப்பட்டுவிடும், திரும்ப முதலிலிருந்து. எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீயும் இருபதிலும் ஒன்றாக இருக்கும், அதையும் புதிதாக்கிக்கொள்ளுங்கள்.

#12 ஆற்காடு_நவாப்

பார்த்தீங்களா, இத்தனை பக்கம் எழுதியாச்சு. சர்வர்ல மேனுவலா ஒரு ஐபி போட்டிருந்தா டியுஐடியும் வேணாம், ஆப்ஷன் 61ம் வேணாம். ரூட்டர் செத்தாலும் சர்வர் ஐபி அப்படியே நிக்கும். இதுக்கு யாராவது பதில் சொல்லுங்க.

#13 காட்பாடி_ஜங்ஷன்

ரூட்டர் செத்தாலும் நிக்கும்கறது நியாயமான வாதம், ஒத்துக்கறேன். டிஎச்சிபி சர்வர், டிஎன்எஸ் சர்வர் ரெண்டுக்கும் மேனுவல் ஐபிதான் வைக்கணும், அதுல பேச்சே இல்லை. ஃபைல் சர்வருக்கும் வைக்கலாம், ஆனா பூலுக்கு வெளியே இருக்கணும். 100க்கும் 200க்கும் நடுவுல ஒண்ணை மேனுவலா போட்டுட்டு மறந்துட்டா, சர்வர் ஆஃப்ல இருக்கிற நேரம் பார்த்து ரூட்டர் அதே ஐபியை ஒரு மொபைலுக்குக் கொடுக்கும். அப்புறம் ரெண்டும் மோதும்.

நான் லீஸ் பக்கம் சாயறதுக்குக் காரணம் கணக்கு. பத்து மெஷின்ல பத்து பேர் கையால எழுதின ஐபி எங்கயும் பதிவாகாது. ஸ்டேட்டிக் லீஸ்னா வின்பாக்ஸ்ல ஒரே பக்கத்துல எல்லாம் இருக்கு. டிஎன்எஸ் மாத்தணும்னா ஒரு இடத்துல மாத்தினா போதும். அடுத்து வர்ற ஆளும் அதைப் பார்த்தே புரிஞ்சுக்குவான்.

மொபைல்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14லேர்ந்து ஃபோன்கள் வைஃபைல உண்மையான மேக்கைக் காட்டாம ராண்டம் மேக் காட்டுது. தொழிலாளர் ஃபோன் எல்லாம் அதே பூல்ல வந்தா 101 ஐபி ஒரு ஷிஃப்ட் மாறும்போதே தீர்ந்துடும். அப்போ கம்ப்யூட்டருக்கு ஐபி வராது, 169.254தான். ஃபோனுக்குத் தனி விலேன், தனி பூல் வெச்சுடுங்க. வேலூரை 2019ல மூணு மாவட்டமா பிரிச்ச மாதிரிதான், ஒவ்வொண்ணுக்கும் தனி கலெக்டர் ஆபீஸ் வேணும்: பிராட்காஸ்ட் விலேன் எல்லையைத் தாண்டாது, அதனால ஒவ்வொரு விலேனுக்கும் மைக்ரோடிக்ல தனி டிஎச்சிபி சர்வர் அமைக்கணும், இல்லைன்னா ரிலே வைக்கணும். இதைச் செய்யாம விலேன் மட்டும் பிரிச்சுட்டு "ஐபி வரலை"ன்னு வர்றவங்க நிறைய.

#14 சிப்காட்_ஐடி

ரூட்டர் கிடைத்தது, ஃபினிஷிங் சூபர்வைசர் அறை. அக்சஸ் பாயின்ட் ஆக்கியாயிற்று, ஸ்நூப்பிங்கும் போட்டாயிற்று.

மிச்சம் கரண்ட் கட் மட்டும்தான். விவரம்: சர்வர் யுபிஎஸில். ரூட்டர், மோடம், ஸ்விட்ச் மூன்றும் நேரடி லைனில், ஜெனரேட்டர் வந்தால்தான் உயிர் வரும். லீஸ் டைம் (ஐபி செல்லுபடியாகும் நேரம்) 10 நிமிடம் என்று இருக்கிறது. உபுண்டு பூட் ஆகும்போது நெட்வொர்க்குக்காக இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத்தான் மேலே போகிறது. சில நேரம் சர்வருக்கு ஐபி வந்த பிறகும் வருகைப்பதிவு மெஷினால் போஸ்ட்கிரெஸைத் தொட முடியவில்லை, சர்வீஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

#15 காட்பாடி_ஜங்ஷன்

10 நிமிட லீஸ்னா கணக்கு இப்படி: பாதி நேரத்துல, அதாவது 5வது நிமிஷம், கொடுத்த ரூட்டர்கிட்டயே புதுப்பிக்கக் கேட்கும். பதில் இல்லைன்னா 87.5 சதவீதத்துல, 8 நிமிஷம் 45 விநாடியில, யாராவது கொடுங்கன்னு பிராட்காஸ்ட். 10 ஆச்சுன்னா ஐபியைக் கீழ வெச்சுடணும். ஜெனரேட்டர் ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தா உங்க சர்வர் ஐபி அதோட போச்சு.

ஆபீஸ் பூலுக்கு 8 மணி நேரம் வைங்க. மைக்ரோடிக்ல ஸ்டேட்டிக் லீஸ் வரியிலயே தனியா லீஸ் டைம் கொடுக்கலாம், சர்வருக்கு 1 நாள். ஃபோன் விலேனுக்கு 1 மணி நேரம் போதும். ரூட்டர், மோடம், ஸ்விட்ச் மூணையும் சர்வர் இருக்கற யுபிஎஸ்லயே மாட்டுங்க. சர்வர் இழுக்கறதுக்கு முன்னால இதெல்லாம் ஒண்ணுமே இல்லை. இதைச் செய்யாம மத்ததெல்லாம் செஞ்சு பயனில்லை.

சிஸ்கோ பக்கம் ஒண்ணு. பழைய ஸ்பேனிங் ட்ரீல (லூப் வராம தடுக்கற முறை) லிங்க் வந்ததும் போர்ட் 15 விநாடி லிசனிங், 15 விநாடி லேர்னிங்ல நிக்கும். அந்த 30 விநாடியும் டிஸ்கவர் பாக்கெட் ஸ்விட்ச்சைத் தாண்டாது. லைட் எரியும், ஐபி வராது. விண்டோஸ் பொறுமை இழந்து 169.254 போட்டுக்கறது இதனாலயும்தான். கம்ப்யூட்டர், சர்வர் போற போர்ட்ல எல்லாம் போர்ட்ஃபாஸ்ட் (இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கற அமைப்பு) போடுங்க. வேற ஸ்விட்ச்சுக்குப் போற போர்ட்ல போட்டுடாதீங்க, லூப் வந்தா மொத்தமும் படுத்துடும்.

#16 குடியாத்தம்_லினக்ஸ்

இரண்டு நிமிட விஷயம்: நெட்வொர்க்டி-வெயிட்-ஆன்லைன் என்ற சர்வீஸ் 120 விநாடி வரை காத்திருக்கும். உங்கள் போர்டில் இரண்டு லேன் போர்ட், இன்ஸ்டாலர் இரண்டையும் நெட்பிளானில் எழுதியிருக்கும், கேபிள் ஒன்றில்தான். கேபிள் இல்லாத போர்ட்டுக்குக் கீழே "ஆப்ஷனல்: ட்ரூ" என்று சேர்த்தால் அதற்காகக் காத்திருக்காது. இரண்டாவது போர்ட்டையும் இதே ஸ்விட்ச்சில் சும்மா சொருகி வைக்காதீர்கள். ஒரே சப்நெட்டில் இரண்டு ஐபி வந்தால் பதில் எந்த வழியாகப் போகிறது என்றே தெரியாது.

போஸ்ட்கிரெஸ்: லிசன்-அட்ரசஸ் வரியில் லோக்கல்ஹோஸ்ட்டும் 192.168.10.10ம் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பூட் நேரத்தில் 10.10 இல்லாவிட்டால் லாகில் ஒரு வார்னிங் எழுதிவிட்டு லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் ஓட ஆரம்பிக்கும். சர்வீஸ் பச்சையாகத் தெரியும், வெளியிலிருந்து மட்டும் தொட முடியாது. ஐபி பிறகு வந்தாலும் அது திரும்பப் பார்க்காது, ரீஸ்டார்ட் வேண்டும். அந்த வரியில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டு, யார் வரலாம் என்பதை எச்பிஏ கோப்பிலும் ஃபயர்வாலிலும் கட்டுப்படுத்துங்கள். சாம்பாவில் இன்டர்ஃபேசஸ் வரி இருந்தால் அதையும் பாருங்கள்.

#17 சிப்காட்_ஐடி

எல்லாம் செய்து மெயின் லைனை இறக்கிச் சோதித்தாயிற்று. ஜெனரேட்டரை வேண்டுமென்றே 20 நிமிடம் போடவில்லை: 10.10 அசையவில்லை. சர்வரை ஆஃப் செய்து ஆன் செய்தால் காத்திருப்பு இல்லாமல் பூட் ஆகிறது, போஸ்ட்கிரெஸ் இரண்டு பக்கமும் கேட்கிறது. காட்பாடி அண்ணா சொன்னபடி ரூட்டர் அட்ரஸும் அக்சஸ் பாயின்ட் 10.3ம் மேனுவல், மற்றதெல்லாம் ஸ்டேட்டிக் லீஸ்.

ஒரே ஒரு சந்தேகம். 143 என்ற பழைய டைனமிக் வரி இன்னும் லீஸ் பட்டியலில் இருக்கிறது. சில டேலி கம்ப்யூட்டர் சர்வர் பெயரைப் போட்டால் இன்னமும் 143க்கே போகின்றன.

#18 காட்பாடி_ஜங்ஷன்

அந்த வரியை ரிமூவ் பண்ணுங்க, சர்வர் 10.10ல இருக்கும்போது பண்ணினா பாதிப்பு இல்லை. மைக்ரோடிக் டிஎன்எஸ்ல ஸ்டேட்டிக் என்ட்ரில யாராவது சர்வர் பேரை 143க்குப் போட்டிருக்காங்களான்னு பாருங்க. கம்ப்யூட்டர்கள்ல ஐபிகான்ஃபிக் ஃப்ளஷ்டிஎன்எஸ். அப்பவும் ஒண்ணு ரெண்டு அடம் பிடிச்சா விண்டோஸ் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்க, பழைய ஆள் அதுல எழுதி வெச்சிருப்பார்.

#19 சிப்காட்_ஐடி

ஹோஸ்ட்ஸ் கோப்பில்தான் இருந்தது, இரண்டு மெஷினில். நீக்கியாயிற்று.

#20 வாலாஜா_வயர்மேன்

குடோன் கேபிள் இன்னும் பாக்கி இருக்கு தம்பி. மீட்டர் எவ்ளோன்னு அளந்து சொல்லுங்க.